நிலைபெறாத வட்டுக் கட்டளைக்குச் சோதனைநிலை முத்திரை இடும் முறை

மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருளில், அவற்றின் வட்டுகளைக் கையாளும் கட்டளை ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பவர், அதன் உருவம் இன்னும் மாறக்கூடும் என்று கருதினால், அந்த ஐயத்தை ஒரு சோதனைநிலை முத்திரையாகக் கட்டளையிலேயே பதிந்த பிறகுதான் வெளியிட வேண்டும். பலர் இதைத் தேவையற்ற வேலையாகக் கருதுகிறார்கள். துறைமுகத்தை நம்பி இயங்கும் கிளியரிங் அலுவலகங்களுக்கு சர்வர் பராமரித்துத் தரும் எங்கள் தண்டையார்பேட்டை அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, “நல்லாத்தானே ஓடுது அண்ணா, அப்புறம் எதுக்கு கட்டளைப் பேருக்கு முன்னாடி எக்ஸ் போட்டு வச்சிருக்காங்க?” என்று கேட்டார். ஒரு கட்டளை பிழையின்றி ஓடலாம். ஆனால் அதன் பெயரும் அது ஏற்கும் உள்ளீடுகளும் அடுத்த வெளியீட்டிலும் அப்படியே இருக்கும் என்று அதை எழுதியவர் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதையே அந்த முத்திரை சொல்கிறது.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, முத்திரை எதற்காக என்பதே. உள்ளீட்டின் வடிவம் முடிவாகாதது ஒரு காரணம். சோதனைக்காக மட்டுமே எழுதப்பட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு ஒருபோதும் வராதது மற்றொரு காரணம்; எக்ஸ்-பிளாக்டெவ்-செட்-ஐஓதிரெட் இந்த இரண்டாம் வகை. விளக்கக் குறிப்பில் எந்தக் காரணம் என்பதை எழுதிவிட்டால், படிப்பவர் காத்திருப்பதா வேறு வழி தேடுவதா என்று முடிவு செய்துகொள்வார்.

முத்திரையை இட வேண்டிய இடம், கட்டளைகளின் வரையறைகள் எழுதப்படும் ஸ்கீமா கோப்பு. வட்டு சார்ந்த கட்டளைகள் பெரும்பாலும் கியூஏபிஐ அடைவில் உள்ள பிளாக்-கோர் ஜேசன் கோப்பில் இருக்கின்றன. கட்டளையின் வரையறையில் ஃபீச்சர்ஸ் என்னும் பட்டியலைச் சேர்த்து, அதில் அன்ஸ்டேபிள் (நிலையற்றது) என்ற சொல்லை எழுத வேண்டும். வரையறைக்கு மேலுள்ள விளக்கக் குறிப்பிலும் அதே பெயரில் ஒரு வரி வேண்டும், இல்லையெனில் குறிமுறையை உருவாக்கும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு நல்லதே.

கட்டளை முழுவதும் நிலையற்றதாக இருக்க வேண்டியதில்லை. பிளாக்டெவ்-பேக்கப் நிலைபெற்ற கட்டளைதான். ஆனால் அது ஏற்கும் எக்ஸ்-பெர்ஃப் என்னும் உள்ளீடு மட்டும் அன்ஸ்டேபிள் முத்திரை பெற்றது. அதற்குள் இருக்கும் மேக்ஸ்-ஒர்க்கர்ஸ், ஒரே நேரத்தில் எத்தனை நகலெடுப்புக் கோரிக்கைகள் ஓடலாம் என்பதை வரையறுக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் 64. இரவு பேக்கப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்த இந்த எண்ணைக் குறைத்து ஸ்கிரிப்டில் எழுதி வைக்கும் ஆசை யாருக்கும் வரும். நிலைபெற்ற கட்டளைக்குள் ஒளிந்திருப்பதால், இத்தகைய உள்ளீட்டுக்குத்தான் முத்திரை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பெயரில் எக்ஸ்- முன்னொட்டு சேர்ப்பது பழைய வழக்கம். 2021 டிசம்பரில் வந்த 6.2 வெளியீட்டிலிருந்து அன்ஸ்டேபிள் முத்திரையே அதிகாரபூர்வமான அடையாளம் என்பதால், முன்னொட்டு இனிக் கட்டாயமில்லை. முன்னொட்டில் உள்ள தொல்லை, கட்டளை நிலைபெறும் நாளில் பெயரையும் மாற்ற வேண்டியிருப்பதுதான். 2019இல் 4.0 வெளியீட்டில் வந்த எக்ஸ்-பிளாக்டெவ்-ரீஓபன், 2021 ஆகஸ்டின் 6.1இல் பிளாக்டெவ்-ரீஓபன் ஆனபோது பெயரோடு உள்ளீட்டின் வடிவமும் மாறியது. ஒரு வட்டின் அமைப்புகளை நேரடியாக ஏற்ற கட்டளை, பல வட்டுகளின் அமைப்புகளை ஆப்ஷன்ஸ் என்னும் பட்டியலாக ஏற்கத் தொடங்கியது. இரண்டாவது மாற்றம் அவசியமானது; முன்னொட்டு ஏற்கெனவே எச்சரித்திருந்ததால் அதை யார்மீதும் குறை சொல்லாமல் செய்ய முடிந்தது. முதல் மாற்றம் வெறும் பெயர்ச்சுமை. எனவே புதிய கட்டளைக்கு இறுதிப் பெயரையே வைத்து, முத்திரையை மட்டும் சேர்ப்பதே என் பரிந்துரை. பெயரைப் பார்த்து எச்சரிக்கையாகும் மனிதக் கண்ணுக்கு முன்னொட்டு உதவுகிறது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஸ்கிரிப்டை இயக்குவது கண் அல்ல.

முத்திரையை நீக்குவதற்கு முன், உள்ளீட்டின் வடிவம் முடிவாகியிருக்க வேண்டும், ஐஓடெஸ்ட்ஸ் என்னும் வட்டுச் சோதனைத் தொகுப்பில் அந்தக் கட்டளைக்கான சோதனை இருக்க வேண்டும். நீக்கியபின் மனம் மாறினால், கைவிடப்படுவதாக அறிவித்து இரண்டு வெளியீடுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே அவசரப்படக் கூடாது.

முத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, கியூஎமுவைத் தொடங்கும்போது காம்பேட் என்னும் தெரிவில் அன்ஸ்டேபிள்-இன்புட்டுக்கு ரிஜெக்ட் என்று கொடுக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டால் அக்செப்ட் என்றே கொள்ளப்படும், அதாவது நிலையற்ற கட்டளையும் ஓசையின்றி ஓடிவிடும். ரிஜெக்ட் கொடுத்தால் கட்டளை பிழையோடு திரும்பும். கிராஷ் கொடுத்தால் கியூஎமுவே விழுந்துவிடும் என்பதால் அதைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்ஸ்டேபிள்-அவுட்புட்டுக்கு ஹைட் கொடுத்தால், நிலையற்ற தகவல்கள் பதிலில் வராது. வாடிக்கையாளரின் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றையும் ரிஜெக்ட், ஹைட் ஆகிய இரண்டு அமைப்புகளோடும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனை, ஓடிக்கொண்டிருக்கும் கியூஎமுவுக்குக் கட்டளை அனுப்பும் கியூஎம்பி என்னும் நெறிமுறை வழியே செல்லும் கட்டளைகளின் வடிவத்தை மட்டுமே கவனிக்கிறது. கியூஎமுவின் தொடக்க வரியில் எழுதப்படும் தெரிவுகளைத் தனியாகத்தான் சரிபார்க்க வேண்டும்.