அலங்காரச் சுரை: உலர்த்தும்போதும் விதை எடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயைக் கீழே போடக் கூடாது, மழையில் நனைய விடக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நல்லது என்று நம்பி, கவனமாக, சிரத்தையோடு செய்யப்படும் தவறுகள்தான் ஒரு பருவத்து உழைப்பையே கெடுக்கின்றன. புதிதாக வளர்ப்பவர்கள் அவற்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இரண்டு வகையையும் ஒன்றாக நினைப்பது

அலங்காரச் சுரை என்ற பெயரில் இரண்டு இனங்களை வளர்க்கிறோம். மாலையில் வெள்ளைப் பூ பூப்பது சுரை இனம் (லாஜெனேரியா). ஓடு தடிப்பாக இருக்கும், முழுதாகக் காய 3 முதல் 6 மாதம் பிடிக்கும், பெரிய காய்க்கு அதற்கு மேலும் ஆகும். காய்ந்த குடுக்கை பல ஆண்டு நிற்கும். காலையில் மஞ்சள் பூ பூத்து, கோடும் மருவும் பல நிறமுமாகக் கைக்கு அடக்கமாகக் காய்ப்பது பூசணி இனம் (குக்கர்பிட்டா பெப்போ). அதன் ஓடு மெல்லியது. சில மாதங்களில் நிறம் மங்கும். சுரைக்குடுக்கையின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றிலும் இந்த வேறுபாடு குறுக்கே வரும்.

காம்பு பச்சையாக இருக்கும்போதே அறுப்பது

ஓடு மரம்போல் இறுகுவது கடைசி வாரங்களில்தான். அதற்கு முன் அறுத்த சுரை சுருங்கி ஒட்டிப்போகும். காம்பு பழுப்பாகிக் காய வேண்டும், காய்க்குப் பக்கத்தில் உள்ள பற்றுக்கம்பி கருக வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் விழக் கூடாது. 5 செ.மீ. காம்பு விட்டு, கத்தரியால் வெட்டுங்கள். திருகிப் பிடுங்கினால் காம்பின் அடியில் விழும் சிறு காயம் வழியாகவே அழுகல் உள்ளே போகும்.

பூஞ்சணம் பிடித்தது என்று தூக்கி எறிவது

புதிதாக அறுத்த காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அத்தனையும் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்படிக் கசியும் ஈரத்தில் வெள்ளையாகவும் கறுப்பாகவும் பூஞ்சணம் படர்வது இயல்பு. அது தின்பது மேல்தோலை. உள்ளிருக்கும் கெட்டி ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் துணியால் துடைத்துத் திரும்ப வையுங்கள். மெத்தென்று அமுங்கினாலோ, நீர் வடிந்து நாறினாலோ அன்றே அகற்றுங்கள்.

காற்று அடியிலும் புகும்படி கம்பித் தட்டில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பூசணி இனத்துக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை, பூஞ்சணம் அதன் நிறத்தையே கெடுத்துவிடும். அறுத்ததும் ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, பிறகு தட்டில் வையுங்கள்.

சீக்கிரம் காய ஓட்டை போடுவது

பூஞ்சணம் உள்ளே போக வழி செய்து கொடுப்பது. செய்யாதீர்கள்.

அடுப்பில் வைப்பது

ஓடு வெடிக்கும். விதை வெந்துபோகும்.

அழகாக இருக்கிறது என்பதற்காக விதை எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் விளைவு தெரிய ஒரு வருடம் ஆகிறது. பந்தலிலேயே அழகான காயைத் தேர்ந்தெடுத்து, பக்குவமாக உலர்த்தி, விதையைப் பத்திரப்படுத்தி, பங்கு போட்டும் கொடுக்கிறார்கள். அடுத்த பருவத்தில் குடுவையும் இல்லாமல் அகப்பையும் இல்லாமல் ஏதோ ஒரு வடிவத்தில் காய் தொங்குகிறது. மண்ணையும் உரத்தையும் குறை சொல்கிறார்கள்.

காயின் சதை, ஓடு, நிறம், வடிவம் அனைத்தும் தாய்க்கொடி தந்தவை. எந்தப் பூவிலிருந்து மகரந்தம் வந்தது என்பது விதைக்குள் மட்டும்தான் இருக்கிறது. காயைப் பார்த்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இனத்துக்குள் எல்லா ரகமும் கலக்கும். குடுவைச் சுரை, அகப்பைச் சுரை, சமையல் சுரை எல்லாம் ஒன்றோடொன்று கலக்கும். அலங்காரப் பூசணி, அதே இனத்துச் சமையல் காயான சுக்கினியோடு கலக்கும். சுரையும் பூசணியும் மட்டும் தங்களுக்குள் கலக்காது. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக வாங்கிய விதை என்றால் கலப்பே நடக்காவிட்டாலும் அடுத்த தலைமுறை பல வடிவமாகப் பிரிந்துதான் வரும்.

வடிவம் மாறுவது ஏமாற்றம் மட்டுமே. கசப்பு வருவது ஆபத்து. பல அலங்கார ரகங்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. பேய்ச்சுரையை வாயில் வைக்க முடியாமல் செய்வதும் இந்த வகைப் பொருள்தான். கலப்பு விதையிலிருந்து வரும் கொடி, பார்வைக்குச் சமையல் காய்போலவே காய்த்து, உள்ளே கசக்கலாம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். அதனால் அலங்காரக் கொடிக்கு அருகில் காய்த்த சமையல் காயிலிருந்தும் விதை எடுக்காதீர்கள். இனம் தெரியாத விதையில் வந்த காயில் துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கொடியையே பிடுங்குங்கள்.

தூய விதை வேண்டுமென்றால் ஒன்று, ஓர் இனத்தில் ஒரே ரகத்தை வளர்க்க வேண்டும். அப்போதும் 800 மீட்டர் முதல் 1.6 கிலோமீட்டர் சுற்றளவில் அதே இனத்தின் வேறு ரகம் இருக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டம் நம் கையில் இல்லை என்பதால், கையால் மகரந்தம் சேர்ப்பதே உறுதியான வழி.

சுரையில் அன்று மாலை விரியப்போகும் மொட்டுகளைப் பிற்பகலிலேயே அடையாளம் காணுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ, வெறும் காம்பு இருப்பது ஆண் பூ. ஒரு பெண் மொட்டுக்கு இரண்டு மூன்று ஆண் மொட்டு என்ற கணக்கில், கூடுமானவரை வேறு வேறு கொடிகளில், சிறு துணிப்பை கட்டிவிடுங்கள். விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளி எறிந்து, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி தடவி, உடனே பையைத் திரும்பக் கட்டுங்கள். பையைக் கட்ட மறந்தால் அதுவரை செய்தது வீண். மூன்று நாள் கழித்துப் பையை எடுத்துவிடலாம். காம்பில் நிறநூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டாவிட்டால் மூன்று மாதம் கழித்து எந்தக் காய் என்று தெரியாது. பூசணி இனத்துக்கும் இதே முறைதான், ஆனால் மொட்டை முந்தின மாலை கட்டி, விடிந்ததும் சேர்க்க வேண்டும்.

இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்த கொடியிலிருந்து மட்டும் எதையும் எடுக்காதீர்கள். சில தேமல் வைரஸ்கள் விதை வழியாகவும் போகும்.

ஈரமாக இருக்கும்போதே வார்னிஷ் அடிப்பது

உள்ளே அழுகும். ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், கையில் எடை தெரியக் கூடாது. அதற்குப் பிறகு அடியுங்கள். சில காய்களில் விதை உள்சதையோடு ஒட்டிக்கொண்டு ஓசை வராது. அப்போது எடையை நம்புங்கள்.

உலர்ந்த தோலை அப்படியே சுரண்டுவது

பறப்பது பூஞ்சண வித்து. சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். குடுக்கையை அறுத்து விதை எடுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற தூசு மூச்சுக்குழாயை வெகுவாக உறுத்தும்.

விதையை ஈரத்தோடு மூடி வைப்பது

சுரை விதை குடுக்கைக்குள்ளேயே காய்ந்துவிடும். தட்டையாகப் பொக்காக இருப்பதைக் கழித்தால் போதும். பூசணி இனத்தை அறுத்த பின் மூன்று நான்கு வாரம் முழுக்காயாகவே வைத்திருந்து, பிறகு பிளந்து, விதையைக் கழுவி, பீங்கான் தட்டில் ஒற்றை அடுக்காக நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வளைத்தால் வளையும் விதை இன்னும் காயவில்லை, பட்டென்று ஒடிய வேண்டும். ரகம், ஆண்டு எழுதிய சீட்டோடு காற்றுப் புகாத புட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நான்கைந்து ஆண்டு முளைக்கும்.

பழைய விதையை விதைக்குமுன் அதில் பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். சுரை விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஒரு நாள் ஊறவைத்துச் சுற்றினால் சீக்கிரம் முளைக்கும். இரண்டு வாரத்தில் ஐந்துகூட முளைக்காவிட்டால் குழிக்கு நான்கு விதையாகப் போட்டு, வந்ததில் நல்லதை நிறுத்துங்கள்.