செபென்சா 31, எக்ஸ்எம்-18: டர்பன்வாசிகளுக்கு எந்த மடக்குக்கத்தி பொருந்தும்?

அமெரிக்காவில் 500 டாலரை ஒட்டி விற்கும் இரண்டு மடக்குக்கத்திகள். ஒன்று, ஐடஹோ மாநிலத்து பாய்சியில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் செபென்சா 31. மற்றொன்று, ஒஹாயோ மாநிலத்து ஷ்ரீவில் ரிக் ஹிண்டரர் செய்யும் எக்ஸ்எம்-18, மூன்றரை அங்குல அலகு (மடங்கித் திறக்கும் வெட்டும் தகடு) கொண்டது. செய்நேர்த்தியில் இரண்டையும் குறை சொல்ல முடியாது. எனவே எது உசத்தி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். தினமும் எதை அறுக்கிறீர்கள், அழுக்கானால் யார் கழற்றிச் சுத்தம் செய்வார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்கர். டர்பனில்தான் 1984-இல் முழுநேரமாகக் கத்தி செய்யத் தொடங்கினார், 1989-இல் அமெரிக்கா போனார். ஊர்ப்பாசம் நியாயமானதே, ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம்.

அறுக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக வருபவை: அட்டைப்பெட்டி, கயிறு, பிளாஸ்டிக் பட்டை, மாம்பழம், தோட்டத்துக் கறிவேப்பிலைக் கொத்து, தூண்டிலுக்கு மத்தி. இவை அத்தனைக்கும் வேண்டியது மெல்லிய வாய், அதாவது வெட்டும் விளிம்பு. பெரிய செபென்சாவின் அலகு 92 மில்லிமீட்டர் நீளம், முதுகில் சுமார் 3.2 மில்லிமீட்டர் தடிமன். இரு பக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்திருப்பதால் வாய்க்கு மேலே நன்றாக மெலிந்து நிற்கும். எக்ஸ்எம்-18-இன் முதுகு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்.

இந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைக் கையால் உணர ஒரு கேரட் போதும். கெட்டியான கேரட்டை நிற்கவைத்து நடுவில் வெட்டுங்கள். செபென்சா பாதிக்கு மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். தடித்த அலகு கால்வாசி இறங்கியதும் கேரட் "டக்"கென்று பிளந்துவிடும். அங்கே கத்தி அறுக்கவில்லை, ஆப்பு மாதிரி பிளந்திருக்கிறது. இரட்டைச் சுவர் அட்டையிலும் இதேதான் நடக்கும்: தடித்த முதுகு அட்டைக்குள் சிக்கி, நீங்கள் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும். மாம்பழத்தில் சாறு பீறிடும்.

தடித்த அலகுக்கும் இடம் உண்டு. ஹிண்டரர் தீயணைப்பிலும் அவசர மருத்துவ உதவியிலும் பணியாற்றியவர், அந்த வேலைகளை மனத்தில் வைத்தே எக்ஸ்எம்-18-ஐ வடிவமைத்தார். மரப்பெட்டியின் சட்டத்தைச் சீவுவது, தடித்த ரப்பர் குழாயை அறுப்பது, கையுறை போட்ட கையால் எடுத்துத் திறப்பது என்று உங்கள் நாள் போகிறது என்றால் அதுதான் சரி. "பாக்கி" என்ற பிக்கப் வண்டியில் கருவிப்பெட்டியோடு சுற்றும் குழாய் வேலைக்காரர், மின்வேலைக்காரர் இந்த வகையில் வருவார்கள். "ஸ்பாண்டோ" என்ற வடிவத்தில் நுனி மிகத் தடிமன், சட்டென ஒடியாது. அதே கத்தியில் "ஸ்லைசர்" சாணை உள்ளதும் வருகிறது. எக்ஸ்எம்-18-தான் வேண்டும், ஆனால் பழமும் அறுப்பேன் என்பவர்கள் ஸ்லைசரைக் கேட்டு வாங்குங்கள். செபென்சாவில் பெட்டி திறப்பதே பெரும்பாலான வேலை என்றால், வாய் கிட்டத்தட்ட நேர்கோடாக வரும் "இன்சிங்கோ" வடிவம் நல்லது. வளைவான நுனி உள்ள சாதாரண வடிவம் பழத்துக்கும் மீனுக்கும் ஏற்றது.

இரண்டையும் நெம்புகோலாகப் பயன்படுத்தக் கூடாது. பெயின்ட் டப்பா மூடியைத் திறக்க ஸ்குரூடிரைவர் இருக்கிறது.

உப்புக்காற்றும் எஃகும்

டர்பன் கோடையில் ஈரமும் உப்பும் சேர்ந்து எந்தக் கத்தியையும் சோதிக்கும். டைட்டானியப் பிடிக்கு ஒன்றும் ஆகாது. கவலை அலகிலும் திருகிலும்தான். இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எஃகு போட்டிருக்கின்றன. செபென்சா 31 தொடக்கத்தில் எஸ்35விஎன் எஃகில் வந்தது, பிறகு எஸ்45விஎன், அதன்பின் மேக்னாகட். எக்ஸ்எம்-18-இலும் எஸ்45விஎன், மேக்னாகட் இரண்டும் கிடைக்கும். 2021-இல் வெளிவந்த மேக்னாகட், துருவை மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். குரோமியம் கார்பைடாகக் கட்டுண்டு போகாமல் எஃகுக்குள் கரைந்தே நிற்பதுதான் காரணம். கடலோரத்தில் இருப்பவர், அதிலும் தூண்டில் போடுபவர், எந்தக் கத்தியானாலும் மேக்னாகட்டைக் கேளுங்கள். பழைய இருப்பைக் குறைந்த விலைக்கு விற்கும்போது எஃகின் பெயரைப் பார்க்காமல் வாங்கிவிட வேண்டாம்.

ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் கரையோரமாக வரும்போது பலர் பையிலிருக்கும் கத்தியாலேயே இரை நறுக்குவார்கள். செதிலும் எண்ணெயும் உப்பும் அச்சுக்குள், அதாவது அலகு சுழலும் மூட்டுக்குள், போய்விடும். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கத்தியை முக்கி, பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். உதறி, மின்விசிறிக் காற்றில் திறந்த நிலையில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு அச்சின் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும், உணவிலும் படலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பசையாகும், குளிர்நாளில் உறைந்து அலகை இறுக்கிவிடும்.

அச்சு: இங்கேதான் இரண்டும் பிரிகின்றன

பழுதானால் அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அனுப்பும் செலவும், வழியில் தொலையும் பயமும், திரும்பி வரும்போது சுங்கத்தில் நிற்பதும் சேர்ந்து அதைக் கடைசி வழியாக்கிவிடும். வீட்டு மேசையில் நீங்களே கழற்றி மாட்ட முடிவதே இங்கே பெரிய தகுதி.

செபென்சாவின் அச்சைச் சுற்றி ஓர் உலோகக் குழல் உண்டு. அலகும் இரண்டு வாஷரும் சேர்ந்த தடிமனுக்குச் சரியாகக் கடைந்தது. திருகை முழுக்க இறுக்கினாலும் அந்தக் குழல்தான் அழுத்தத்தைத் தாங்கும், அலகு லேசாகச் சுழலும். இறுக்கத்தைச் சரிபார்க்கும் வேலையே கிடையாது. கழற்றும் முறை:

1. வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், திருகு உருண்டால் கண்ணுக்குப் படும். பெட்டியோடு வந்த ஆலன் சாவியையே எடுங்கள். அவை அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் சாவியை நுழைத்தால் திருகுத் தலை வழுவழுத்துப் போகும்.

2. அச்சுத் திருகையும் மற்றத் திருகுகளையும் கழற்றி, பூட்டு இல்லாத பக்கத்துப் பிடித்தகட்டை மேலே தூக்குங்கள். வாஷர் தகட்டோடு ஒட்டி வரும், நகத்தால் நெம்பி வளைக்காதீர்கள், பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். எது எந்தப் பக்கம் என்று அப்படியே வரிசையாக வையுங்கள்.

3. பழைய கிரீஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பாஸ்பர் வெண்கல வாஷர் நிறம் கறுத்திருந்தால் பரவாயில்லை, தேய்த்துப் பளபளப்பாக்கினால் தடிமன் குறையும்.

4. ஒவ்வொரு வாஷரிலும் தீக்குச்சி மருந்தில் பாதியளவு கிரீஸைத் தடவி மாட்டுங்கள். வாஷரிலுள்ள துளைகளே கிரீஸைத் தாங்கி வைக்கும்.

5. திருகின் மரையில் மட்டும் ஒரு புள்ளி மரைப்பசை (திருகு தளராமல் பிடிக்கும் பசை), ஊதா நிற லாக்டைட் 222 போதும். அதிகமாக விட்டால் வாஷருக்குள் வழிந்து அலகையே ஒட்டிவிடும். முழுக்க இறுக 24 மணி நேரம் ஆகும், அதற்குள் கத்தியை ஈரத்தில் போடாதீர்கள்.

முழுக்க இறுக்கியும் அலகு கனமாக நகர்ந்தால், வாஷர் மடங்கியிருக்கிறது அல்லது இடையில் மணல் இருக்கிறது. திருகைத் தளர்த்தி அதை மறைக்கப் பார்க்காமல் மறுபடி கழற்றுங்கள்.

எக்ஸ்எம்-18-இல் இறுக்கத்தை நீங்களே வைக்க வேண்டும். அச்சை எட்டில் ஒரு பங்குச் சுற்று மட்டும் திருப்பி, அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்று, அலகு இன்னும் தடையில்லாமல் திறக்கும் இடமே சரியான இடம். இது பழகினால் சிரமமில்லை, ஆனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செய்தாக வேண்டும். இந்தக் கத்தியின் அச்சில் டெஃப்லான் வாஷர், வெண்கல வாஷர், பால் பேரிங் மூன்றில் எதையும் போடலாம். பேரிங் போட்டால் அலகு பறந்து திறக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கடற்கரை மணலில் இரண்டு துகள் உள்ளே போனாலும் நறநறக்கும். கடலோரத்தில் வெண்கலமே போடுங்கள். பிடியின் ஜி-10 (கண்ணாடியிழைத் தகடு) பக்கத்தை நீங்களே கழற்றி வேறு நிறம், வேறு பொருள் மாட்டலாம் என்பது எக்ஸ்எம்-18-க்குக் கூடுதல் வசதி.

பூட்டு

இரண்டிலுமே பிடியின் ஒரு பக்கத் தகடே பூட்டாக வளைந்து அலகின் அடியைத் தாங்குகிறது. செபென்சா 31-இல் தகட்டின் முனையில் ஒரு பீங்கான் குண்டு இருக்கிறது, எஃகில் படுவது அதுதான். தேய்மானம் மிகக் குறைவு. எக்ஸ்எம்-18-இல் பூட்டுத்தகட்டின் மேல் ஒரு வட்டத் தடுப்பு உண்டு, தகட்டை அளவுக்கு மீறி வெளியே வளைத்துவிடாமல் காக்கும். டைட்டானியம் நேராக எஃகில் படும் பூட்டுகள் புதிதில் ஒட்டிக்கொண்டு விடுவிக்க அடம்பிடிக்கும். அலகின் அடிப்பகுதியில் பென்சிலால் கறுப்பாகத் தீட்டுங்கள், கிராஃபைட் படிந்ததும் ஒட்டல் தளரும்.

புதிதாக வாங்குபவர்களில் பலர் கத்தி திறக்கவே கஷ்டமாக இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் கத்தியில் கோளாறு இல்லை. மற்ற நான்கு விரல்களும் பூட்டுத்தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் அலகை மூடிய நிலையில் பிடித்து வைக்கும். விரல்களைத் தகட்டின் மேலிருந்து எடுத்துப் பிடியின் ஓரத்தில் வைத்துத் திறந்து பாருங்கள்.

இடக்கைக்காரர்கள் கவனிக்க: இந்தவகைப் பூட்டு வலக்கைக்குச் செய்தது. செபென்சாவில் இடக்கைப் பதிப்பே தனியாக உண்டு.

பையில் எப்படி இருக்கும்

பெரிய செபென்சா 133 கிராம், எக்ஸ்எம்-18 சுமார் 160 கிராம். ஜீன்ஸில் இந்த வித்தியாசம் தெரியாது. டர்பன் வெயிலுக்குப் போடும் மெல்லிய பருத்திக் கால்சட்டையிலும் அரைக்கால்சட்டையிலும் நன்றாகத் தெரியும், பை ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அலுவலகம் போகிறவருக்கு சிறிய செபென்சாவைத் தயங்காமல் சொல்லலாம். 76 மில்லிமீட்டர் அலகு, 85 கிராம். மேலே சொன்ன வேலைகளில் அது செய்யாதது ஏதுமில்லை. கைபேசியை அதே பையில் போடாதீர்கள், திரையில் கீறல் விழக்கூடும்.

சட்டம்

தென்னாப்பிரிக்காவில் 2013-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் அலகுக்கு நீள வரம்பு வைக்கவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறது என்ற நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வைத்திருப்பதே குற்றம், அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். இடம், நேரம், உங்கள் நடத்தை எல்லாம் கணக்கில் வரும். பேரணி, ஆர்ப்பாட்டம், பள்ளி வளாகம், விமான நிலையம் எதற்கும் கொண்டுபோகாதீர்கள். காவடிக் கூட்டத்திலும் அது வீட்டிலேயே இருக்கட்டும். போலீஸ் கேட்டால் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். தற்காப்புக்கு என்ற பதில் உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும்.

வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வெறும் விலையின் மேல் விழாது. சுங்க மதிப்போடு 10 சதவீதம் சேர்த்து, அதோடு சுங்க வரியையும் கூட்டி, அதன்மேல் போடுவார்கள். 500 டாலர் கத்திக்கு, சுங்க வரியைச் சேர்க்காமலே 550-க்கு 15 சதவீதம், அதாவது 82.50 டாலர். அனுப்பும் செலவு, கூரியரின் கையாளும் கட்டணம் தனி. உள்ளூர் விற்பனையாளரின் ராண்ட் விலையை இந்தக் கூட்டுத்தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டுக்குமே போலிகள் ஏராளம். கையில் வந்ததும் சமையல் தராசில் எடை போடுங்கள். பெரிய செபென்சா 133 கிராமிலிருந்து வெகுவாக விலகினால் சந்தேகப்படுங்கள். கத்தி செய்த தேதியிட்ட "பிறப்புச் சீட்டு" செபென்சாவின் பெட்டியில் இருக்க வேண்டும். செபென்சாவுக்குள் பால் பேரிங் உருண்டால் அது போலி, உண்மையானதில் வெண்கல வாஷர்தான். அடுத்து, அலகு மூடியிருக்கும்போது இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். திறந்து, முதுகை மரமேசையில் லேசாக அழுத்தி மேல்கீழ் ஆட்டம் உண்டா பாருங்கள். எக்ஸ்எம்-18-இல் பூட்டுத்தகடு அலகின் அடியில் கால்வாசியிலிருந்து பாதி வரை ஏறியிருக்க வேண்டும். புதிதிலேயே முக்கால்வாசி தாண்டியிருந்தால் எதையும் அறுக்காமல், திருகைத் தொடாமல், அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.