கடைப்பையனுக்கு ஒரு கதை: மென்பொருள் வழிகாட்டியை விளையாட்டாக்குவது எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய கல்லாவுக்குப் பில் போடும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூடவே 14 பக்கத்தில் ஒரு வழிகாட்டி. ஒரு மாதம் கழித்துப் போனால், அது மல்லித்தூள் பாக்கெட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அட்டையில் கோப்பி குவளை வைத்த வட்டக் கறை. மாமாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை; என்னாலேயே அதை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

பிறகுதான் அதையே கதையாக மாற்றினேன். படிப்பவர் ஒரு முடிவெடுப்பார், கதை அந்தப் பக்கம் திரும்பும். ட்வைன் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். கிரிஸ் கிளைமஸ் 2009இல் உருவாக்கியது. பிரவுசரிலேயே ஓடும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

படி 1: ஒரே ஒரு தடுமாற்றத்தைப் பிடியுங்கள்

மென்பொருள் முழுவதையும் கதையாக்கப் பார்க்காதீர்கள். ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கும், அது போதும். எங்கள் கடையில் அது சில்லறைக் கணக்கு. மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லைப் பக்கத்து 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம் அல்லவா? 12.37 ரிங்கிட் என்றால் 12.35, 12.38 என்றால் 12.40. மொத்தத் தொகையை மட்டும்தான் சரிக்கட்ட வேண்டும். கடைப்பையனோ ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாக மாற்றி அடித்துக்கொண்டிருந்தான்.

படி 2: தப்பான வழியை முதலில் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. எல்லோரும் சரியான வழியை எழுதிவிட்டு, தப்பான வழிக்கு ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்று ஒற்றை வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது பரீட்சை. தப்பு செய்தால் கடையில் நிஜமாகவே என்ன நடக்குமோ அதைக் காட்டுங்கள். நான் எழுதியது இது:

பருப்பு 4.13. மிளகாய் 2.68. சீரகம் 5.58. மூன்றையும் நீ தனித்தனியாகச் சரிக்கட்டிவிட்டாய். பில் 12.45. ஆன்டி கைப்பேசியை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார். “தம்பி, எனக்கு 12.39தானே வருது? 12.40 தரேன். மிச்சம் அஞ்சு சென் யாருக்கு?” பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மாமா பாக்கு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

ஐந்து சென் பெரிய காசில்லை. ஆனால் அந்த நாலு பேர் நிற்பது பையனுக்கு உறைக்கும். விதியை நான் எங்கும் போதிக்கவில்லை, ஆன்டியே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

படி 3: ட்வைனில் பெட்டிகளைக் கட்டுங்கள்

புதுக் கதையைத் திறந்தால் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். இருமுறை சொடுக்கி, முதல் காட்சியை எழுதுங்கள். வாசகர் தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் இரட்டைச் சதுர அடைப்பு போடுங்கள்:

[[ஒவ்வொன்றாகச் சரிக்கட்டு]]
[[மொத்தத்தை மட்டும் சரிக்கட்டு]]

அந்தப் பெயர்களில் இரண்டு புதுப் பெட்டிகள் தானாக முளைக்கும், நடுவே அம்புக்குறியோடு. திரையில் ஒரு வாசகம், பெட்டிக்கு வேறு பெயர் வேண்டுமென்றால் இப்படி:

[[ஆன்டியிடம் மன்னிப்புக் கேள்->மறுபடி கல்லா]]

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு பொறி. ஓரிடத்தில் ‘கடைக்குப் போ’, இன்னோரிடத்தில் ‘கடைக்கு போ’ என்று எழுதினால் ட்வைன் இரண்டையும் வேறு வேறு பெட்டியாக எடுத்துக்கொள்ளும். ஒற்று விட்டால் கதை விட்டது. தமிழாசிரியர் தலையில் குட்டியதெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது.

படி 4: கிளைகளைத் திரும்பக் கூட்டுங்கள்

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு வழி என்று விட்டுக்கொண்டே போனால், ஐந்தாம் அடுக்குக்குள் 31 பெட்டி ஆகிவிடும். பத்தாம் அடுக்கில் 1023. தப்பான வழி ஒன்றிரண்டு பெட்டி ஓடிவிட்டு மறுபடி கல்லாவுக்கே வந்து சேரட்டும். என் கதை மொத்தம் 11 பெட்டிதான்.

படி 5: தாண்டிப் போக வழி விடுங்கள்

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 97இல் உதவி செய்கிறேன் என்று கண்ணை உருட்டிக்கொண்டு வந்த காகிதக் கிளிப் நினைவிருக்கிறதா? கேட்காதபோதெல்லாம் குறுக்கே வந்து நின்றதால்தான் ஆட்கள் அதை வெறுத்தார்கள். 2001இல் ஆஃபீஸ் எக்ஸ்பியில் மைக்ரோசாஃப்டே அதை முன்னிருப்பாக அணைத்து வைத்தது. உங்கள் முதல் பெட்டியிலேயே [[எனக்குத் தெரியும், வேலைக்குப் போகிறேன்]] என்று ஒரு வழி இருக்கட்டும்.

படி 6: வெளியிட்டு, வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

‘பில்ட்’ என்ற தாவலில் ‘பப்ளிஷ் டு ஃபைல்’ அழுத்தினால் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். இணையம் இல்லாமலும் திறக்கும். மென்பொருளின் உதவிப் பொத்தானில் அதை இணைத்துவிடலாம். அதற்கு முன் ‘லைப்ரரி’ தாவலில் ‘ஆர்க்கைவ்’ செய்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரவுசரில் எழுதும் கதை அந்தப் பிரவுசருக்குள்தான் இருக்கும். இது தெரியாமல் பிரவுசர் தரவைத் துடைத்து, ஓர் இரவு முழுக்க எழுதியதைத் தொலைத்தவன் நான்.

பிறகு, பயன்படுத்தப்போகும் ஆள் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கே நிற்கிறார், எங்கே சிரிக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைப்பையன் முதல் ஆட்டத்திலேயே வேண்டுமென்றே தப்பான வழியை அழுத்தினான், ஆன்டி என்ன சொல்வார் என்று பார்க்க. படித்து முடித்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, ஆன்டி கார்டில் கட்டினா?”

கார்டுக்குச் சரிக்கட்டல் கிடையாது, 12.39 என்றால் 12.39தான். பன்னிரண்டாவது பெட்டி அன்று இரவே சேர்ந்தது.