பழைய தங்க பிரேஸ்லெட்: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

பிரேஸ்லெட்டை விற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களோடுதான் கடைப்படி ஏறுகிறார்கள்: எத்தனை சவரன், இன்றைக்குச் சவரன் என்ன விலை. இரண்டையும் பெருக்கி வந்த தொகைக்கும் கடைக்காரர் சொல்லும் தொகைக்கும் நடுவே பல ஆயிரம் இடிக்கும். அந்த இடைவெளியில் நியாயமான கழிவும் இருக்கும், நியாயமில்லாததும் இருக்கும். பிரித்துப் பார்க்க வழி ஒன்றுதான். நகைக்குள் சுத்தத் தங்கம் எத்தனை கிராம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு யார் எந்த விலை சொன்னாலும், அந்தச் சுத்தத் தங்கத்தின் மதிப்பில் அது எத்தனை சதவீதம் என்று மட்டும் பாருங்கள். "கிராமுக்கு இவ்வளவு", "இத்தனை சதவீதம் கழிவு", "டச்சுக்கு (தூய்மைச் சதவீதத்துக்கு) இவ்வளவு" என்று ஆளுக்கொரு பாஷையில் சொல்லப்படும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேறு வழி கிடையாது.

முத்திரை

பிரேஸ்லெட்டில் முத்திரை பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள தட்டையான துண்டிலோ, காப்பு வகையாக இருந்தால் உட்புறத்திலோ இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும். 22K916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 20K833, 18K750, 14K585 என்பவையும் அதே கணக்குதான். மெல்லிய சங்கிலி பிரேஸ்லெட், ரோஸ் கோல்டு, வைரம் பதித்தது இவையெல்லாம் பல நேரம் 18 கேரட்டாகத்தான் இருக்கும். அதை 22 கேரட் விலையில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

2021 ஜூலைக்குப் பிறகு வந்த ஹால்மார்க்கில் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணச் சின்னம், தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட எச்யூஐடி (அந்த நகைக்கான தனி அடையாளக் குறியீடு). அதற்கு முந்தைய நகைகளில் நான்கு குறிகள். சோதனை மையத்தின் குறியும் கடையின் குறியும் தனியாக இருக்கும். எச்யூஐடியை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் என்ன வகை நகை, எந்த மையத்தில் சோதித்தது, என்ன தூய்மை என்று காட்டும். நகையின் வகையைக் கட்டாயம் பாருங்கள். கையில் இருப்பது பிரேஸ்லெட், செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த எண்ணை நம்ப முடியாது.

"916 கேடிஎம்" என்று மட்டும் அடித்திருந்தால் அது ஹால்மார்க் அல்ல, விற்ற கடையின் வாக்கு மட்டுமே. காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்ததைத்தான் கேடிஎம் என்றார்கள். பற்றவைக்கும்போது எழும் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் அந்த முறையே கைவிடப்பட்டது. அந்தக் காலத்து நகைகளைச் சோதிக்காமல் 916 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடை

பில்லில் உள்ள எடையை நம்பிப் போகாதீர்கள். தினமும் கையில் கிடந்த பிரேஸ்லெட் மேசையிலும் வண்டிக் கைப்பிடியிலும் உரசித் தேயும். வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உட்புறம் இன்னும் வேகமாகத் தேயும். இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவைத்துவிட்டு எடை போடுங்கள். வளையங்களுக்குள் தண்ணீர் தங்கியிருந்தால் கடைத் தராசு அதையும் சேர்த்துக் காட்டும், பிறகு "அழுக்கு" என்று கூடுதலாகக் கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். வீட்டில் 0.01 கிராம் காட்டும் தராசு போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தராசோடு வரும் சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு மூன்று முறை நிறுங்கள்.

அடுத்தது, தங்கம் அல்லாத எல்லாவற்றையும் கழிப்பது. பிரேஸ்லெட்டில் இது மற்ற நகைகளைவிடச் சிக்கல். அமெரிக்கன் டைமண்ட் கற்கள், கருகமணி, ருத்ராட்சம், தோல் பட்டை, மீனா வேலை இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை இரண்டு. ஒன்று, கொக்கிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங். இன்னொன்று, உள்கூடான காப்பில் நசுங்காமல் இருக்க நிரப்பிய அரக்கு. பார்வைக்குத் தடிமனாக இருந்தும் கையில் லேசாக இருந்தால் கூடு; தடிமனாக இருந்து, தட்டினால் மொத்தென்று கேட்டால் அரக்கு இருக்க வாய்ப்பு அதிகம். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் இருந்தால் கல் எடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கல் எடை காரட்டில் எழுதியிருந்தால் 1 காரட் என்பது 0.2 கிராம். பில் இல்லையென்றால் கற்களைக் கழற்றி எடை போடுவதுதான் சரி. தோராயமாகக் கழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தோராயம் உங்கள் பக்கம் சாய்வது அபூர்வம். கழற்றிய கற்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எடையைக் கழித்த பிறகு அவை உங்களுடையவை.

டச்

நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்பதைப் பட்டறையில் டச் என்பார்கள். 916 தங்கம் 91.6 டச்.

உரைகல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்ப்பது அனுபவசாலி கையில் நன்றாகவே சொல்லும். ஆனால் 91க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாக்கும் அளவுக்கு அது துல்லியம் இல்லை. இப்போது பல ஊர்களிலும் இருப்பது எக்ஸ்ஆர்எஃப் மெஷின், எக்ஸ்ரே கதிரால் உலோகங்களை அளப்பது. நகைக்குச் சேதமில்லாமல் ஒரு நிமிடத்தில் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று சதவீதம் பிரித்துத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும். சென்னை சௌகார்பேட்டை, மதுரை தெற்காவணி மூல வீதி, கோவை பெரியகடை வீதி போன்ற நகைக்கடைப் பகுதிகளில் வாங்கும் கடைக்குச் சம்பந்தமில்லாத டச் சென்டர்களிலேயே சிறு கட்டணத்துக்குப் பார்த்துவிடலாம். விலை கேட்கப் போகும் முன் இந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்த மெஷின் பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம் என்ற அளவுக்குத்தான் அதன் கண் போகும். மேலே மெருகு பூசியிருந்தால் டச் கூடுதலாகவும், இரட்டை நிற பிரேஸ்லெட்டின் வெள்ளைப் பகுதியில் ரோடியம் பூச்சு இருந்தால் குறைவாகவும் காட்டும். அதனால் மறைவான இடத்தில் லேசாக அரம் போட்டுச் சுரண்டிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். வளையத்தின் நடுவில் ஒன்று, பற்றவைத்த இடத்தில் ஒன்று, கொக்கியில் ஒன்று என மூன்று அளவுகள் எடுங்கள். பற்றவைத்த பொடியில் தங்கம் குறைவு. அங்கே 80க்குப் பக்கத்தில் காட்டினால் மொத்த நகையும் 80 டச் என்று பொருளல்ல. பழுதுபார்க்கும்போது மாற்றிய கொக்கி 18 கேரட்டாகவோ வெள்ளியாகவோ இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் கொக்கியைத் தனியாக எடை போட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். தாளில் இரிடியம், ருத்தேனியம் என்று ஏதாவது தெரிந்தால் அது கலப்படப் பொடி. தங்கத்தில் கரையாமல் துகளாகவே நிற்கும், அதனால் கடைகள் அந்த நகையை ஒதுக்கும் அல்லது கடுமையாகக் கழிக்கும்.

ஹால்மார்க் இருந்தும் டச் குறைவாக வந்தால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கொடுத்து முறைப்படி அறிக்கை வாங்குங்கள். நான்கு நகைகள் வரை 200 ரூபாய் கட்டணம். குறைவு உறுதியானால், தூய்மையில் எவ்வளவு குறைந்ததோ அதன் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்ற கடை தர வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. அதற்கு அந்தக் கடையின் பில் வேண்டும்.

கல்லில்லாத, உள்ளே கூடில்லாத கெட்டிக் காப்பாக இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காப்பை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். ஒட்டிய காற்றுக் குமிழிகளை உதறிவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் காப்பின் எடையை வகுத்தால் அடர்த்தி. 24.00 கிராம் காப்புக்குத் தராசு 1.36 காட்டினால் 17.65, 22 கேரட்டுக்கு 17.5 முதல் 18க்குள் வரும். 18 கேரட் 15, 16 அளவில் நிற்கும். 10 கிராமுக்குக் குறைந்த நகையில் தராசின் சிறு பிழையே விடையை மாற்றிவிடும் என்பதால், இதைச் சந்தேகம் தீர்க்க மட்டும் பயன்படுத்துங்கள், விலை பேச அல்ல.

கணக்கு

சுலபமாக இருக்க, 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் அன்றைய விலையைப் போடுங்கள். 24 கேரட் விலை 10,000 × 24 ÷ 22 = 10,909.

பிரேஸ்லெட்டின் மொத்த எடை 16.240 கிராம். கல் 0.380, கொக்கி ஸ்பிரிங் 0.040. நிகர எடை 15.820. டச் 90.8.

சுத்தத் தங்கம்: 15.820 × 0.908 = 14.365 கிராம்.
அதன் மதிப்பு: 14.365 × 10,909 = 1,56,708 ரூபாய்.

இந்த 1,56,708தான் அளவுகோல். ஒரு கடை "நிகர எடைக்கு கிராம் 9,600" என்கிறது: 1,51,872, அதாவது 96.9%. இன்னொன்று "போர்டு ரேட்டே (பலகையில் எழுதியுள்ள அன்றைய 22 கேரட் விலையே) தருகிறோம், 5% மட்டும் கழிவு" என்கிறது: 1,58,200இல் 5% போக 1,50,290, அதாவது 95.9%. போர்டு ரேட் என்ற சொல் காதுக்கு இனித்தாலும் முதல் கடைதான் மேல். மூன்றாவது கடை டச்படி கணக்கிட்டு 2% மட்டும் எடுத்தால் 1,53,574, இதுதான் 98%.

இதே பிரேஸ்லெட்டை இன்று புதிதாக 14% சேதாரத்தில் வாங்கினால் 1,80,348, ஜிஎஸ்டி 3% சேர்த்து 1,85,758. சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி மூன்றும் விற்கும்போது திரும்பாது. வாங்கிய விலையை மனதில் வைத்துப் பேரம் பேசுவதில் பயனில்லை.

எது நியாயமான கழிவு

வாங்கும் கடை உருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை விலை இறங்கும் அபாயத்தைச் சுமக்க வேண்டும், லாபமும் வேண்டும். அதற்காக 2 அல்லது 3 சதவீதம் எடுப்பதைக் குறைசொல்ல முடியாது. பிரச்சினை ஒரே காரணத்துக்கு இரண்டு முறை கழிப்பதில்தான். டச் 90.8 என்று பார்த்து அதன்படி கணக்கிட்ட பிறகு, "பொடி இருக்கிறது, 3% போகும்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பொடியால் குறைந்த தூய்மை டச்சிலேயே வந்துவிட்டது, வளையத்தில் மட்டும் பார்த்த டச் என்றால் மட்டுமே அந்தப் பேச்சில் பொருளுண்டு. அப்படிச் சண்டை வந்தால் தீர்வு உருக்குவது.

உருக்கச் சம்மதிக்கும் முன் மூன்றைப் பேசி முடியுங்கள்: கிராம் விலை என்ன, உருக்கிய பின் கழிவு உண்டா, விலை பிடிக்காவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவார்களா. உருக்கிய பிறகு ஹால்மார்க்கும் இல்லை, நகையும் இல்லை. வேறு கடைக்குக் கட்டியோடு போனால் உங்கள் கை தாழ்ந்திருக்கும். அதனால் டச் தாளை வைத்து இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு முடித்த பிறகே உருக்கும் கட்டத்துக்குப் போங்கள். எதிரிலேயே உருக்கச் சொல்லுங்கள். வெங்காரம் போட்டு உருக்கி ஊற்றியபின் மூசையின் (உருக்கும் கிண்ணத்தின்) ஓரத்தில் சிறு மணிகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அவற்றையும் கட்டியோடு சேர்த்தே நிறுக்க வேண்டும். கெட்டியான, சுத்தமான நகையில் எடைக் குறைவு மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். அரக்கும் அழுக்கும் இருந்ததில் கணிசமாகக் குறையும். எப்படியானாலும் உருக்கிய கட்டியின் எடையையும் டச்சையும் பெருக்கி வருவதே முடிவான சுத்தத் தங்கம். அதற்குமேல் "அழுக்குக் கழிவு" என்ற ஒன்றே கிடையாது.

வைரம் பதித்த பிரேஸ்லெட் தனிக்கதை. வேறு கடைகள் பெரும்பாலும் தங்கத்துக்கு மட்டுமே விலை வைக்கும். சான்றிதழும் பில்லும் இருந்தால் வாங்கிய கடையிலேயே முதலில் கேளுங்கள்.

மாற்றி எடுப்பதானால்

"பழைய தங்கத்துக்குக் கழிவே இல்லை" என்ற அறிவிப்பைப் பார்த்ததும், எடுக்கப்போகும் புது நகையின் சேதாரத்தைக் கேளுங்கள். நம் உதாரணத்தில் 2% கழிவு மிச்சமானால் லாபம் 3,134 ரூபாய். அதே கடையில் 20 கிராம் புது நகைக்குச் சேதாரம் மற்ற இடத்தைவிட 4% கூடுதல் என்றால் 0.8 கிராம், 8,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஜிஎஸ்டி புது நகையின் முழு மதிப்புக்கும் போடப்படும், பழையதைக் கழித்த மீதிக்கு அல்ல.

பணம் கைக்கு வரும்போது

சொந்த நகையை விற்கும் தனிநபரிடம் ஜிஎஸ்டி பிடிக்க இடமில்லை. அடையாள அட்டை கேட்பார்கள், 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடையின் வரிக் கணக்கில் அந்தச் செலவு செல்லாது என்பதால் மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அபராதம் வாங்கியவருக்குத்தான்.

லாபத்துக்கு வருமான வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த தங்கத்தின் லாபத்துக்கு 12.5%, அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். அம்மா கொடுத்த பிரேஸ்லெட் என்றால் அவர் வாங்கிய தேதியும் விலையுமே கணக்குக்கு அடிப்படை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால் அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். கடை தரும் கொள்முதல் ரசீதில் மொத்த எடை, நிகர எடை, டச், கிராம் விலை, தேதி ஐந்தும் எழுதி வாங்குங்கள்; வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது விற்பனைக்கு ஆதாரம் அந்தத் தாள்தான்.