எஸ்தோனியாவுல ஒரு குட்டி கிராமத்த கோலாலம்பூர்ல (கேஎல்) இருந்தே மேப்புல படிக்கறது எப்படி

எஸ்தோனியான்னா எல்லாரும் தலைநகர் தாலின் சிட்டியோட நிறுத்திடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா ஒரே ஒரு கிராமத்த எடுத்து ஒழுங்கா படிச்சாலே அந்த நாடு பாதி புரிஞ்சிடும். தென்கிழக்கு மூலையில லாட்வியா எல்லைக்கு கிட்ட இருக்கற ஹான்யாவ வச்சே சொல்றேன், நீங்க எந்த கிராமத்துக்கும் இதையே செய்யலாம்.

முதல்ல அது எதுக்குள்ள இருக்குன்னு பாருங்க. நாடு நம்ம மலேசியாவோட பஹாங் மாநிலத்த விட பெருசு, 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஆனா ஜனம் 14 லட்சம் கூட இல்ல. 15 மாவட்டம், அதுக்கு கீழ "வால்ட்"னு ஊராட்சி, அதுக்கும் கீழதான் கிராமம். இங்க ஒரு விஷயம் கவனிங்க, 2017ல 213 ஊராட்சி நகராட்சிய இணைச்சு 79 ஆக்கிட்டாங்க, அதனால பழைய பேஜ்ல ஹான்யா தனி ஊராட்சின்னு இருக்கும், இப்ப அது ரோவ்கே ஊராட்சிக்குள்ள, மாவட்டம் வோரு. தேதி பாக்காம எதையும் எடுக்காதீங்க. ஒரே பேருல பல கிராமம் வேற இருக்கு, மோய்சாகூலான்னு தேடுனா ஒரு டவுன், அதே பேருல கிராமங்கள்னு வரிசையா வரும், மாவட்டத்தையும் சேத்து தேடுனாதான் சரியான இடம் வரும்.

அடுத்தது வீடுங்க. மேப்புல பேரு போட்ட இடத்துலதான் எல்லாரும் இருப்பாங்கன்னு நினைக்காதீங்க. தெற்கு எஸ்தோனியாவுல பண்ணை வீடுங்க சிதறிக் கிடக்கும், இங்க ஒன்னு, காட்ட தாண்டி அந்த மேட்டுல ஒன்னு. நிறைய இடத்துல தெரு பேரே கிடையாது, பண்ணைக்குத்தான் பேரு, அட்ரஸும் அப்படியே போகும்: பண்ணை பேரு, கிராமம், ஊராட்சி, அஞ்சு இலக்க போஸ்கோட், மாவட்டம். கூகுள்ல வெறும் கிராமப் பேர போட்டு, அது காட்டற பின் குறிய நம்பி கார் ஓட்டுனா யாரோட வாசல்லயும் போய் நிக்க மாட்டீங்க, பண்ணை பேர கேட்டு வாங்கிடுங்க.

அப்புறம் மேடு பள்ளம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். அவங்க அரசாங்க நில இலாகாவோட மேப் ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, அதுல மேடு பள்ளம் காட்டற லேயர ஆன் பண்ணுங்க. ஹான்யா பக்கத்துலயே சூர் முனமாகி, 318 மீட்டர், பால்டிக் நாடுங்க மூனுலயும் அதுதான் உசரம். பினாங்கு கொடிமலை 833 மீட்டர், அத பாத்த நமக்கு இது சின்னதா தெரியும், அதுலயும் அடிவாரத்துல இருந்து சுமார் 60 மீட்டர்தான் ஏறுது, ஏன்னா சுத்துப்பட்டு நிலமே உசரம். அதனால கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு, பக்கத்து நிலத்துல இருந்து எவ்வளவுன்னு ரெண்டையும் எப்பவும் தனித்தனியா குறிச்சுக்குங்க. இந்த குன்றெல்லாம் பனியுகத்துல ஐஸ் கொண்டு வந்து கொட்டுன மண்ணு கல்லு, நடுவுல உள்ள பள்ளத்துல தண்ணி நின்னு ஏரி. பக்கத்துல ரோவ்கேங்கற ஊர்ல இருக்கற ஏரி 38 மீட்டர் ஆழம், நாட்டுலயே ஆழமானது.

தண்ணி பேருங்கள படிக்க மூனு வார்த்தை போதும்: யார்வ்னா ஏரி, யோகின்னா ஆறு, ராபான்னா சதுப்பு. ராபா மேல மேப்புல பாதை இல்லன்னா அங்க நடக்க நினைக்காதீங்க.

ஜனத்தொகைக்கு 2021 சென்சஸ் பாருங்க, 2011ஓட பக்கத்துல வச்சு பாத்தா ஊரு வளருதா தேயுதான்னு தெரிஞ்சிடும். அங்க யாருக்காவது ஃபோன் பண்ணனும்னா அவங்க நமக்கு பின்னால, சம்மர்ல 5 மணி நேரம், குளிர்காலத்துல 6, நம்ம சாயங்காலத்துல கூப்பிடுங்க.