பெற்றோரை கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு அழைத்து வருகிறவர்களுக்கு

65 வயது தாண்டிய அம்மா, அப்பாவுக்கு வந்ததுமே மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடைத்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். கிடைக்காது. இங்கே வேலை பார்த்திராதவர் கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து வசித்திருந்தால்தான் சேர முடியும். அப்போதும் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ-வுக்கும், மருத்துவர் செலவைப் பார்க்கும் பார்ட் பி-க்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். 2025-ல் பார்ட் ஏ-வுக்கு 518 டாலர் வரை, பார்ட் பி-க்கு 185 டாலர் என்று இருந்தது. மெடிகேரில் சேரும்வரை மார்க்கெட்பிளேஸில் (அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தை) பாலிசி எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் எல்லோரும் விசாரிப்பார்கள். யாரும் விசாரிக்காத விஷயம் கடைசிக் காலம்.

மெடிகேர் செலவில் ஏறக்குறைய கால் பங்கு, வாழ்வின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கே போகிறது. அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போவதுதான் அதிகம். வீட்டில் எதுவும் பேசி வைக்கவில்லை என்றால், ஆம்புலன்ஸ், ஐசியூ, வென்டிலேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். ஐசியூவுக்குப் பணம் தருகிற அதே மெடிகேர், வீட்டில் மாதக்கணக்கில் குளிப்பாட்டி, சோறு ஊட்ட ஓர் ஆளுக்குத் தராது. இது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நிலைமை இதுதான், அதனால் அந்தச் செலவுக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள்.

ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலப் பராமரிப்பு, என்றதும் பயப்பட வேண்டாம். நோய் அதன் போக்கில் போனால் 6 மாதமோ அதற்குள்ளோதான் உயிர் இருக்கும் என்று மருத்துவர்கள் சான்று தந்தால், பார்ட் ஏ வழியாக நர்ஸ், வலி மருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் வீட்டுக்கே வரும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை மட்டும் நிற்கும். 6 மாதம் தாண்டினால் மறுபடி சான்று வாங்கித் தொடரலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

அப்புறம், பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே தங்களுக்காக முடிவெடுப்பவர் யார், எந்த சிகிச்சை வேண்டாம் என்று படிவத்தில் எழுதி வைக்கட்டும். படிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு 2016 முதல் மெடிகேர் பணம் தருகிறது. அந்தப் பேச்சில் நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். கெட்ட செய்தியைப் பிள்ளை வாய் முழுசாகச் சொல்லாது, பாதியை விழுங்கிவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள்.

படிவத்தின் நகலை ஊரில் இருக்கும் அண்ணன், அக்காவுக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் "எவ்வளவு செலவானாலும் விட்டுடாதீங்க" என்று போன் செய்யப்போவது அவர்கள்தான். அப்பா என்ன கேட்டுக்கொண்டார் என்பது அவர்களுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.