ஸ்கை டீம்: மான்ட்ரியலில் விமானத்தைப் பத்திரமாக இறக்குவது எப்படி

ஸ்கை டீம் இருவர் சேர்ந்து ஆடும் கூட்டுறவுப் பலகை விளையாட்டு. 2024இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது இதற்குக் கிடைத்தது. ஒருவர் பைலட் (நீலப் பகடைகள்), மற்றவர் கோ-பைலட் (ஆரஞ்சுப் பகடைகள்). பயணிகளோடு விமானம் தரை தொட்டால் இருவருக்கும் வெற்றி, இல்லாவிட்டால் இருவருக்கும் தோல்வி. முதல் ஆட்டத்துக்கு மான்ட்ரியல் விமான நிலையம்தான் சரியான இடம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு நான்கு பகடைகளைத் திரைக்குப் பின்னால் உருட்ட வேண்டும். உருட்டும் முன் பேசலாம். உருட்டியபின் வாயே திறக்கக் கூடாது. அதனால் அந்த முன்பேச்சை வீணாக்காதீர்கள். "இந்தச் சுற்றில் ஓரிடம் நகர்ந்தால் போதும், முன்னால் நிற்கும் விமானத்தை ரேடியோவில் நீ விலக்கு" என்ற அளவுக்குத் தெளிவாகப் பேசுங்கள்.

பிறகு மாறி மாறி ஒவ்வொரு பகடையாக வைக்க வேண்டும். இருவரும் சமநிலைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று வைப்பது கட்டாயம். சமநிலையில் இரு பகடைகளின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு, பெரிய எண் வைத்தவர் பக்கம் விமானம் சாயும். இந்தச் சாய்வு அடுத்த சுற்றுக்கும் தொடரும். மூன்றாம் படியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

அதிகம் கோட்டை விடுவது இன்ஜினில்தான். தொடக்கத்தில் இருவர் பகடைகளின் கூட்டுத்தொகை 4 வரை என்றால் விமானம் நகராது, 5 முதல் 8 வரை ஓரிடம், 9 அல்லது அதற்கு மேல் இரண்டிடம். லேண்டிங் கியர் (தரையிறங்கும் சக்கரங்கள்) ஒவ்வொன்றை இறக்கும்போதும் கீழ் எல்லை ஒன்று ஏறும். ஃபிளாப் (இறக்கையின் மடிப்புத் தகடு) ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை ஒன்று ஏறும். மூன்று கியரும் நான்கு ஃபிளாப்பும் இறங்கிவிட்டால் 7 வந்தாலும் விமானம் நிற்கும், 12 வந்தாலும் ஓரிடம்தான் போகும். எனவே ஃபிளாப்பை முதலில் தொடங்குங்கள். அது இரண்டிடம் பாய்ந்து இன்னொரு விமானத்தில் மோதும் ஆபத்தைக் குறைக்கும். கியரை அவசரப்பட்டு இறக்கினால் விமான நிலையத்தை எட்டவே முடியாமல் போகும். கடைசிச் சுற்று தொடங்கும்போது விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். எத்தனை இடம் பாக்கி என்று சுற்றுக்குச் சுற்று எண்ணுங்கள்.

ஃபிளாப்புக்கு வரிசை உண்டு: 1-2, 2-3, 4-5, 5-6. கியருக்கு 1-2, 3-4, 5-6, எந்த வரிசையிலும் போடலாம். பிரேக்குக்கு 2, 4, 6 என்று அதே எண், அதே வரிசை. இதில் கியர், பிரேக் இரண்டும் பைலட் வேலை. ஏழு சுற்றுகளில் கட்டாயப் பகடைகள் போக அவர் கையில் மிஞ்சுவது 14தான். ரேடியோ இடம் பைலட்டுக்கு ஒன்று, கோ-பைலட்டுக்கு இரண்டு. ஆகவே வான்வழியைச் சுத்தம் செய்யும் பொறுப்பைக் கோ-பைலட் எடுத்துக்கொள்வது நல்லது. ரேடியோவில் வைத்த எண்ணை, உங்கள் விமானம் நிற்கும் இடத்தையே 1 என்று கொண்டு எண்ண வேண்டும்.

உதவாத பகடையைக் காபி இடத்தில் போட்டு ஒரு வில்லை பெறுங்கள். ஒரு காபி வில்லை பின்னால் ஒரு பகடையை ஒரு எண் கூட்டவோ குறைக்கவோ உதவும். மூன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. பிரேக்குக்குச் சரியான எண் வராத சுற்றில் அதன் அருமை தெரியும்.

கடைசிச் சுற்றில் இன்ஜின் கூட்டுத்தொகை விமானத்தை நகர்த்தாது. பிரேக் குறிக்குள் அது அடங்க வேண்டும். சாய்வு பூச்சியமாக இருக்க வேண்டும், கியரும் ஃபிளாப்பும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், வழியில் ஒரு விமானமும் மிச்சம் இருக்கக் கூடாது. அந்தச் சுற்றில் இரண்டு சிறிய எண்கள் தேவைப்படும் என்பதால், அதற்கு முன்பே காபியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.